30 பைட்டில் திருகோணமலை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குள், கைபேசி வலையமைப்பில் இணையம் எடுக்கும் டொங்கிளுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான்: கடலைப் பார்த்த யன்னல். இரண்டு எட்டு உள்ளே வந்தால் போய்விடும். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, ரவுட்டர் வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகக் கிடந்தது. பழைய மடிக்கணினியிலோ பேட்டரி இருந்தது, லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அதை யன்னலடியில் வைத்து, டொங்கிளைச் செருகி, வீடு முழுவதற்கும் வைஃபை கொடுக்க வைத்தேன்.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இதற்கு ஒரு பொத்தானே உண்டு, அழுத்தினால் முடிந்தது. ஆனால் பொத்தான் வேலை செய்யாத நாளில்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நேர்கிறது.

வழக்கமாக மடிக்கணினியின் வைஃபை அட்டை ஏற்கெனவே இருக்கும் வலையமைப்பைத் தேடிப்போய்ச் சேரும். பிறர் வந்து சேரும் அணுகுமுனையானால் (ஆக்சஸ் பாயிண்ட், சுருக்கமாக ஏபி) அதுவே கலங்கரை விளக்காக நின்று மற்றவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். அட்டையை அந்த வேலையில் அமர்த்துவது ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல். விளக்கு வெட்டுவதுபோல, 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அட்டை ஓர் அறிவிப்பை வீசும். ஏன் சரியாக 100 இல்லை? வைஃபையின் கால அலகு 1,024 மைக்ரோசெக்கன். அப்படி 100 அலகு. அறிவிப்பில் வலையமைப்பின் பெயர் மட்டுமல்ல, கண் அயர்ந்திருக்கும் எந்தக் கைபேசிக்குத் தரவு காத்திருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க உறங்கும் கைபேசி, அறிவிப்பு வரும் நேரத்துக்கு விழித்து, தனக்கு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். அதுவரை அந்தத் தரவைப் பிடித்து வைத்திருப்பது அணுகுமுனையின் பொறுப்பு. எல்லா அட்டைகளுக்கும் இது கைவராது. 'ஐடபிள்யூ' கட்டளை காட்டும் திறன்பட்டியலில் 'ஏபி' என்ற சொல் இல்லையென்றால் மேலே முயல்வது வீண்.

வலையமைப்பின் பெயருக்கு 32 பைட்டுகள்தான் இடம். எழுத்துகளைப் பைட்டுகளாக்க யூனிகோட்டில் பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு எடுக்கும். 'தி' என்பதே தகரமும் இகரக் குறியுமாக ஆறு. 'திருகோணமலை' பத்துக் குறிகள், 30 பைட்டுகள். மயிரிழையில் தப்பியது! பின்னால் 'வீடு' சேர்க்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஒரே அட்டையால் வைஃபையை வாங்கி, அதே அட்டையால் கொடுக்கவும் சிலர் விரும்புவார்கள். சில அட்டைகளில் முடியும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருந்தாக வேண்டும், ரேடியோ ஒன்றுதானே. எனக்கு இணையம் டொங்கிளில் வந்ததால் அந்தத் தலைவலி இல்லை.

வேறொன்று வந்தது. கைபேசி இணைந்தது, கடவுச்சொல்லை ஏற்றது, டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் அதற்கு 192.168 என்று தொடங்கும் முகவரியும் கொடுத்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றி மாற்றியே ஒரு மாலையைத் தொலைத்தேன். குற்றவாளி வேறு. தனக்கு வராத பொதியை, அதாவது தரவுத் துண்டை, பிறருக்குக் கடத்தாமல் எறிந்துவிடுவது லினக்ஸின் இயல்பு. லினக்ஸின் மையமான கெர்னலில் 'ஐபி ஃபார்வர்ட்' என்ற ஓர் அமைப்பு உண்டு. அதன் மதிப்பு பூச்சியமாக இருந்தது. ஒன்றாக்கினேன். அப்போதும் அசையவில்லை.

192.168 முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியுலகிலிருந்து அவற்றுக்குப் பதில் வராது. அதனால் மடிக்கணினி, வெளியேறும் ஒவ்வொரு பொதியிலும் கைபேசியின் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதி, ஒரு துறை எண்ணையும் (போர்ட்) இட்டு, அதை அட்டவணையில் குறித்துக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்து எண் வில்லை வாங்குகிறோமே, அதே கணக்கு. பதில் அந்த எண்ணோடு திரும்பியதும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்த்துவிடும். வீட்டில் ஐந்து கைபேசிகள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே கணினிதான். இதற்கான ஒற்றை வரி விதியை, பொதிகளுக்கு விதி வகுக்கும் ஐபிடேபிள்ஸில் சேர்த்ததும் பக்கங்கள் மளமளவென்று திறந்தன.

மறுநாள் மதியம் எல்லாக் கைபேசிகளிலும் இணையம் ஒரே நேரத்தில் செத்தது. அட்டவணை, சேனல், விதி என்று வரிசையாகச் சந்தேகித்துக்கொண்டு யன்னலுக்குப் போனேன். உப்புக்காற்று படுமே என்று அம்மா மடிக்கணினியை மூடி, மேலே ஒரு துவாயையும் போர்த்தியிருந்தார்.