இன்சுலின் கூப்பிடாமலே வரும் ஆட்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஏழாவது மாதம். கிளினிக்கில் இரத்தத்தில் சீனி அதிகம் என்றார்கள். சாப்பிட்டதும் நடக்கச் சொல்கிறார் மிட்வைஃப் மிஸ். நடந்தால் பிள்ளைக்கு ஆகாது, படு என்கிறார் மாமி. யார் சொல்வதைக் கேட்பது?"

மிஸ் சொல்வதைத்தான். காரணம் தொடைத் தசையில் இருக்கிறது.

இது கர்ப்பகால நீரிழிவு. முன்கதை பலருக்குத் தெரியும். நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும். கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகொடுக்க முடியாதபோது சீனி ஏறும். 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம். தசைக் கலத்துக்குள் குளுக்கோஸைக் கொண்டுபோவது குளூட்-4 என்ற புரதம். தசை சும்மா இருக்கும்போது இவற்றில் பெரும்பாலானவை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவில் முடங்கிக் கிடக்கும் ஆட்களைப் போல, கலத்துக்குள்ளேயே கிடக்கும். இன்சுலின்தான் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆட்களை வேலைக்குக் கூப்பிட, அடிக்கும் தப்புப் பறை. சத்தம் கேட்டால் ஆட்கள் கலத்தின் விளிம்புக்கு வந்து வேலையைத் தொடங்குவார்கள். கர்ப்பகால நீரிழிவிலும் தப்பு அடிக்கத்தான் செய்கிறது, காம்பராவுக்குள் சரியாகக் கேட்பதில்லை.

ஆனால் தசை சுருங்கினால் உள்ளேயிருந்தே இன்னொரு அழைப்பு எழும். கலத்துக்குள் கல்சியம் கூடும். எரிபொருள் குறைவதை உணரும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்ளும். அதே குளூட்-4 விளிம்புக்கு வந்துவிடும், இன்சுலின் கூப்பிடாமலே! இன்சுலினின் பாதை மந்தமான உடம்பிலும் இந்தப் பாதை திறந்திருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரமளவில் சீனி உச்சத்தைத் தொடும் என்பதால், சாப்பிட்ட கையோடு 10, 15 நிமிடம் நடந்தால் நல்ல பலன் உண்டு.

அப்புறம் ஏன் பலர் நடப்பதில்லை? பெரும்பாலும் பயம். கர்ப்பத்தில் புரோஜெஸ்டரோன் மூச்சை ஆழமாக்குவதால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டால் மறுநாள் கால் எழாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் வேகம் சரிதான். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையைப் பற்றி உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். அந்த நம்பிக்கைக்கு ஆகப் பெரிய ஊற்று, செய்து பார்த்த அனுபவம் என்றார். அதனால்தான் புத்திமதியைவிட, நடந்த நாளின் சீனி அளவையும் உட்கார்ந்திருந்த நாளின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது மேல். தோட்டத்துத் தாய்மாருக்கு மீட்டரும் ஸ்ட்ரிப்பும் இலவசமாகக் கொடுத்து, இந்த மேட்டிலும் மழையிலும் எது சரிவரும் என்று ஆராய யாராவது பணம் ஒதுக்கலாம்.

"கண்டதைத் தின்று பிள்ளையைக் கெடுக்கிறாய்" என்று ஏசுவது இன்னும் மோசம். மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோலும் அட்ரினலினும் ஈரலிலிருந்து குளுக்கோஸை வெளியே விடும். ஏசுகிறவரும் சீனியை ஏற்றுகிறார்.

பொழுது சாய்ந்து வெளியே போனால் காத்துக் கருப்பு அண்டும் என்பார்கள். எனக்குப் பயம் மழையில் பாசி பிடித்த படிக்கட்டுதான். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பிலேயே நடங்கள், நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வையுங்கள். தொடைக்கு வித்தியாசம் தெரியாது.

இரத்தம் பட்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்து நீர் போனாலோ, வயிறு இறுகி வலித்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நச்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒழுங்காக நடந்தும் சிலருக்கு, முக்கியமாகக் காலை வெறுவயிற்றுச் சீனி இறங்காதவர்களுக்கு, இன்சுலின் ஊசி தேவைப்படும். அது அவர்களுடைய குற்றமில்லை.