எண்ணெய் படிந்த மண்ணில் பூஞ்சை செய்யும் வேலை

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில், ஒலோயிபிரி என்னும் ஊரில் 1956இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளின் கசிவுகளால், அங்கு மரவள்ளி பயிரிட்டுவந்த மக்கள் தங்கள் நிலத்தை இழந்தனர். கழிமுகத்தின் ஒகோனி நிலப்பகுதியை ஆராய்ந்த ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், பல இடங்களில் எண்ணெய் 5 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருப்பதையும், முழு மீட்புக்கு 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் 2011இல் அறிவித்தது.

கச்சா எண்ணெய் மண் துகள்களின் மேல் படலமாகப் படிவதால், நீரும் காற்றும் வேர்களை எளிதில் எட்டுவதில்லை. மேலும், எண்ணெயில் கரிமம் மிகுதி. அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ள, தப்பிப் பிழைத்த பயிரும் வெளிறிப்போகிறது. எண்ணெயின் ஹைட்ரோகார்பன்களில், அதாவது கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களில், நேர்ச்சங்கிலி அமைப்புடையவற்றைப் பாக்டீரியாக்கள் விரைவில் தீர்த்துவிடும். பல வளையங்கள் பிணைந்த, புற்றுநோய் விளைவிக்கவல்ல சேர்மங்களே நெடுநாள் தங்குகின்றன.

மரத்தை மட்கச்செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகளின் தேவை இங்குதான் எழுகிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் ஒழுங்கற்ற அமைப்புடையது. ஆகவே அதைச் சிதைக்கும் லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு வடிவத்தை மட்டும் தேடுவதில்லை. பூஞ்சை இவற்றைத் தன் இழைகளுக்கு வெளியே சுரப்பதால், உயிரணுவுக்குள் நுழைய முடியாத பெரிய வளையச் சேர்மங்களும் ஆக்சிஜனேற்றம் அடைந்து உடைகின்றன. உடைந்த துண்டுகள் நீரில் சற்றுக் கூடுதலாகக் கரையும். அவற்றைப் பாக்டீரியாக்கள் சிதைத்து முடிக்கின்றன. இழைகளின் மேல் படர்ந்த ஈரப்படலமே, வறண்ட இடைவெளிகளைக் கடந்து பாக்டீரியாக்கள் எண்ணெயை அடைய வழியாகிறது.

ஆனால் வளையச் சேர்மங்களை உடைப்பதால் பூஞ்சைக்குக் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். அதன் உண்மையான உணவு மரத்தூளும் தாவரக் கழிவும்தான் என்பதால், கழிவைச் சேர்க்காமல் பூஞ்சையை மட்டும் தூவுவது வீண் முயற்சி என்றே கருதுகிறேன். கழிவு மண்ணை இளக்கிக் காற்றோட்டமும் தருகிறது. கோழி எரு தழைச்சத்தை ஈடுசெய்யும். எனினும் சில பூஞ்சை இனங்களில் மிகுதியான தழைச்சத்து நொதிச் சுரப்பைத் தடுக்கும் என்பதால், பூஞ்சை வேரூன்றிய பின் எருவை அளவோடு இடுவது நல்லது. நைஜீரியர்கள் உணவாகக் கொள்ளும், நிலத்தடியில் கிழங்குபோல் திரளும் ஒருவகைச் சிப்பிக்காளானை எண்ணெய் கலந்த மண்ணில் வளர்த்து, அம்மண்ணில் தட்டைப்பயறு மேம்பட்டு முளைத்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

பூஞ்சைக்கு ஆக்சிஜன் தேவை. ஆகவே மேல்மண்ணில் இம்முறை பயன்படும். ஆழத்து மண்ணைத் தோண்டிக் குவித்துத்தான் பதப்படுத்த வேண்டும். எண்ணெயிலுள்ள நிக்கல், வனேடியம் ஆகிய உலோகங்கள் சிதைவதில்லை. காளான் அவற்றை உறிஞ்சக்கூடும் என்பதால், அங்கு முளைத்ததை உண்ணவே கூடாது.

துப்புரவு முடிந்ததாகப் பதிவாகியிருந்த 15 இடங்களை ஐ.நா. குழு சோதித்தபோது, 10 இடங்களில் மாசு வரம்பை மீறியே இருந்தது. மொத்த ஹைட்ரோகார்பன் அளவு குறைந்தாலும், இடைநிலைச் சேர்மங்களின் நச்சு எஞ்சியிருக்கக்கூடும். எனவே விதை முளைப்பு, மண்புழு உயிர்பிழைப்பு, விளைபொருளில் உலோக அளவு ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே நிலத்தை உழவரிடம் ஒப்படைக்க வேண்டும்.