பொந்து விழுந்த மரம் ஏன் சாகவில்லை?

வாசகர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். முதல் படத்தில், ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த மரம். ஆனால் தலை நிறையப் பச்சை. இரண்டாவதில், அடிமரத்தில் பெரிய காயம் எதுவும் தெரியாத, நின்றபடியே காய்ந்துபோன மரம். “இரண்டையும் தாக்கியது பூஞ்சைதான் என்கிறார்கள். அப்புறம் ஏன் இது செத்தது, அது சாகவில்லை?” என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. மரங்களின் நோய் எதிர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சி ஏறக்குறைய முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். பருத்த மரத்தின் பெரும்பகுதி உயிரற்றது. நடுவில் உள்ள வைரக்கட்டையில் உயிருள்ள செல் கிடையாது. பட்டைக்கு அடியிலுள்ள புளோயம் (உணவைக் கடத்தும் திசு), கேம்பியம் (புதுச் செல்களை உருவாக்கும் மெல்லிய அடுக்கு), அதையொட்டிய சாற்றுக்கட்டை, இவற்றில்தான் உயிர் ஓடுகிறது. நம் உடம்பில் இருப்பதுபோல மரத்துக்கு வெள்ளை அணுக்கள் இல்லை. கிருமியைத் துரத்திப் பிடிக்க ஆளே கிடையாது. அழுகிய இடத்தைச் சரிசெய்து பழையபடி ஆக்கவும் மரத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சுவர் எழுப்புவது ஒன்றுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ. அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்துத்தான் பார்த்தார்கள். அவர் சங்கிலி ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தார். ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கான மரங்களை. 1970-களில் அவர் முன்வைத்த கணக்கு இது: காயம் பட்ட இடத்தைச் சுற்றி மரம் நான்கு சுவர்களை எழுப்புகிறது. மேலும் கீழும் போகும் நீர்க்குழாய்களை அடைப்பது ஒன்று. பக்கத்துச் செல்கள் குழாய்க்குள் பலூன்போலப் புடைத்து வழியை மறிக்கின்றன, அவற்றுக்கு டைலோஸ் என்று பெயர். உள்நோக்கிப் போகும் வழியை ஆண்டு வளையங்களும், பக்கவாட்டு வழியை ஆரக்கதிர்களும் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் செல் வரிசைகள்) தடுக்கின்றன. இந்த மூன்றும் சுமாரான சுவர்கள்தான், பூஞ்சை தாண்டிவிடக்கூடும். நான்காவதுதான் கோட்டை. காயத்துக்குப் பிறகு கேம்பியம் புதிதாகக் கட்டும் அந்தச் சுவர், அன்றுவரை இருந்த கட்டைக்கும் இனிமேல் வளரப்போகும் கட்டைக்கும் நடுவே நிற்கிறது.

அதாவது மரம் பழைய வீட்டைப் பூஞ்சைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றிப் புது வீடு கட்டிக்கொள்கிறது. அதனால்தான் பொந்தின் அகலத்தை அளந்தால், காயம் பட்ட நாளில் அந்த மரம் எவ்வளவு பருமனாக இருந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

கிளை வெட்டிய இடத்தில் தார் பூசினால் பூஞ்சை வராது என்று இன்றும் நம்புகிறவர்கள் ஏராளம். ஷைகோ அதையும் சோதித்துப் பார்த்தார். அழுகலை அது தடுக்கவில்லை. பூசியவருக்கு மனநிம்மதி கிடைக்கும், மரத்துக்கு ஒன்றும் கிடையாது. மூடநம்பிக்கை என்றால் எலுமிச்சையும் மிளகாயும் மட்டுமல்ல, டப்பாவில் அடைத்து விற்பதும் உண்டு.

இனி இரண்டாவது படம். படத்தை வைத்து அந்த மரத்தைக் கொன்ற பூஞ்சை எது என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிக் கொல்வது எப்படி என்பதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. 1904-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில், செஸ்ட்நட் என்ற கொட்டை மரங்கள் காய்வதை ஹெர்மன் மெர்க்கல் என்ற வனவியலாளர் கவனித்தார். கிழக்காசியாவிலிருந்து வந்த கிரைஃபோனெக்ட்ரியா பாரசிட்டிகா என்ற பூஞ்சையின் வேலை அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அமெரிக்கக் காடுகளில் 300 முதல் 400 கோடி செஸ்ட்நட் மரங்கள் போய்விட்டன என்று மதிப்பிடுகிறார்கள்.

நோய் பிடித்த செஸ்ட்நட்டின் பட்டையைக் கத்தியால் மெல்லச் சீவினால், உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் விசிறி விரித்ததுபோல ஒன்று படர்ந்திருக்கும். பூஞ்சை இழைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து முன்னேறும் படை அது. இது வைரக்கட்டையைத் தொடுவதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிருள்ள மெல்லிய அடுக்கில்தான் நகர்கிறது. தண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் காலி.

மரம் சும்மா இருப்பதில்லை, இங்கும் சுவர் கட்டத்தான் பார்க்கிறது. விசிறிக்கு முன்னால் உள்ள செல்கள், கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைத் தடவித் தங்களைக் கெட்டியாக்கிக்கொள்ளத் தொடங்குகின்றன. ஆனால் பூஞ்சை தனக்கு முன்னால் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கக்கிக்கொண்டே வருகிறது. ஒரே பொருள், மூன்று வேலை. திசுவின் அமிலத்தன்மையை ஏற்றிச் செல்களைக் கொல்கிறது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி, செங்கல்லுக்கு நடுவேயுள்ள காரையை உதிர்க்கிறது. லிக்னின் உருவாவதையும் கெடுக்கிறது. கொத்தனார் சுவர் வைக்க வைக்க ஒருவன் சிமென்டில் அமிலம் ஊற்றுவதுபோல.

இதே பூஞ்சை சீன செஸ்ட்நட்டையும் தொற்றுகிறது. புண்ணும் வருகிறது, ஆனால் அங்கே சுவர் முந்திவிடுகிறது. புண் மேலோடு நின்று, மரம் வாழ்க்கையைத் தொடர்கிறது. பூஞ்சை சாகவில்லை, முன்னேற முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். மரங்களில் எதிர்ப்புச் சக்தி என்பது பெரும்பாலும் இந்த ஓட்டப்பந்தயம்தான்.

இதை வைத்து நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிரக்யூஸ் வளாகத்தில் வில்லியம் பவலும் சார்லஸ் மேனார்டும் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கோதுமையில் ஆக்ஸலேட் ஆக்ஸிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. அதற்கான மரபணுவை அமெரிக்க செஸ்ட்நட்டில் வைத்தார்கள். நொதி ஆக்ஸாலிக் அமிலத்தை உடைத்து, கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடுமாக ஆக்கிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், லிக்னினைக் கோத்துக் கெட்டியாக்கத் தாவரச் செல்களுக்குத் தேவைப்படும் பொருள்களில் ஒன்று இந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. சிமென்டைக் கெடுக்க வந்த அமிலமே சிமென்டுக்குச் சேர்மானம் தருகிறது! முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அது முழு வெற்றிக்கதை இல்லை. இப்படி மரபணு சேர்த்து உருவாக்கிய டார்லிங் 58 என்ற வகை என்று நினைத்துப் பல ஆண்டுகள் வளர்த்துச் சோதித்தவை, உண்மையில் டார்லிங் 54 என்ற வேறு வகை என்று 2023-இல் தெரியவந்தது. அதில் புதிய மரபணு, மரத்தின் சொந்த மரபணு ஒன்றின் நடுவே போய் உட்கார்ந்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. பல்கலைக்கழகம் விடவில்லை, தொடர்கிறது.

அதே அறக்கட்டளை 1983-இல் தொடங்கியபோது வேறு வழியில்தான் போனது. சீன மரத்தோடு கலந்து, திரும்பத் திரும்ப அமெரிக்க மரத்தோடு சேர்த்து, பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரமும் எதிர்ப்புச் சக்தியும் ஒருசேரக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு மூன்று மரபணுக்கள்தான் காரணம் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. பல பத்தாண்டுகள் வளர்த்துப் பார்த்த பிறகுதான், எதிர்ப்பு மரபுத்தொகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்தது. ஒரு தலைமுறை பூத்துக் காய்க்கவே பல வருடம் பிடிக்கும் உயிரை, மூன்று வருடத் தவணையில் நிதி கொடுத்து, ஒவ்வொரு தவணை முடிவிலும் “என்ன முடிவு?” என்று கேட்டால் என்ன சொல்வது? மர ஆராய்ச்சிக்குப் பணத்தைவிட முதலில் பொறுமையை ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒற்றை மரபணு கிடைத்தால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். சுகர் பைன் மரத்தில், துருநோய் தரும் வேறொரு பூஞ்சைக்கு எதிராக அப்படி ஒன்று கிடைத்தது. பூஞ்சை ஊசியிலைக்குள் நுழைந்த உடனே, சுற்றியுள்ள செல்கள் தாமாகச் செத்துவிடும். உயிருள்ள செல்லில் மட்டுமே வாழத் தெரிந்த துருநோய்ப் பூஞ்சை பட்டினியில் மடியும். இலையில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். ஆனால் கலிஃபோர்னியாவின் ஹேப்பி கேம்ப் என்ற இடத்தில், இந்த மரபணு உள்ள பைன்களையும் வீழ்த்தும் துரு வகை 1970-களிலேயே தலைகாட்டியது. நூற்றுக்கணக்கான ஆண்டு வாழும் மரத்தின் ஒற்றைப் பூட்டுக்கு, வருடந்தோறும் கோடிக்கணக்கில் வித்துகளை உதிர்க்கும் பூஞ்சை சாவி கண்டுபிடித்துவிட்டது.

அதனால் ஆரிகன் மாநிலத்தின் டொரீனா மரபியல் மையத்தில் அந்தப் புள்ளியை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அங்கே பனிமூட்டம் நிரப்பிய அறையில் பைன் நாற்றுகளை வரிசையாக வைத்து, மேலே கம்பிச் சட்டங்களில், இதே துருப் பூஞ்சை தங்கி வாழும் இன்னொரு செடியான ரைபிஸின் நோய் பிடித்த இலைகளைப் பரப்புகிறார்கள். துருப் பூஞ்சையின் வித்துகள் மழைபோல உதிர்கின்றன. பிறகு நாற்றுகளை வெளியே நட்டு, வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பல நாற்றுகள் காய்ந்து போகும். சிலவற்றில் தண்டில் புண் வந்து, பட்டை வெடித்து, ஆனாலும் ஐந்தாவது வருடத்திலும் நுனியில் புதுத் தளிர் விட்டிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும் அந்த நாற்றுகளையும் விடாமல் எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.