லைட்டருக்கு கேஸ் அடிக்கும் முன் தரையைப் பாருங்கள்

"நேத்துதான்ணே கேஸ் அடிச்சேன். ரெண்டு தடவை பத்திச்சு, அப்புறம் செத்துப்போச்சு." என் பழுது பார்க்கும் கடைக்கு வரும் லைட்டர்களில் பெரும்பாலானவை இந்தப் புகாரோடுதான் வரும். திறந்து பார்த்தால் எந்தப் பழுதும் இருக்காது. டேங்க்குக்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காற்றை வெளியேற்றாமல் எவ்வளவு அடித்தாலும் கேஸ் சரியாக இறங்காது. தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகை முதலில் மைனஸ் பக்கம் முழுதாகத் திருப்புங்கள். லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் வால்வை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். 'புஸ்' சத்தம் அடங்கும்வரை விடக்கூடாது. முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கடைக்குள்ளேயே செய்துகொண்டிருந்தவன்தான் நானும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வரிசையாக ஏழெட்டு லைட்டர். மேஜையில் நெருப்பு எதுவும் இல்லை. ஆனால் மூலையில் தரையோடு தரையாகக் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திடீரென்று மேஜைக்கு அடியில் நீலமாக ஒரு வீச்சு. முழங்காலுக்குக் கீழே முடி பொசுங்கியதோடு போயிற்று. லைட்டரில் அடிக்கும் கேஸான பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம்; மேலே எழும்பாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கிப் பரவும். அன்றிலிருந்து கேஸ் அடிப்பது வாசல்படியில்தான். விளக்கு சுவரில் மேலே ஏறிவிட்டது.

அடிக்கும்போது லைட்டரும் தலைகீழ், கேன் அதன்மேல் தலைகீழ், இரண்டும் நேர்க்கோட்டில் செங்குத்தாக. மூன்று நான்கு விநாடி ஒரே அழுத்து. பம்பு அடிப்பதுபோல் குத்திக் குத்தி எடுத்தால் கேஸ் விரலில்தான் வழியும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே கொதிப்பது, விரல் மரத்துப்போகும். வால்வோரம் துப்ப ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். டேங்க்கில் திரவம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது லைட்டர் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரவிதி, ஐ.எஸ்.ஓ. 9994. மிச்ச இடம் வெயிலில் திரவம் விரிவதற்கு. கத்திரி வெயிலில் காரின் டேஷ்போர்டில் லைட்டரைப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும்.

அடித்த கையோடு பற்றவைத்துப் பார்க்கும் பழக்கம்தான் மோசம். துணியால் துடைத்து, ஐந்து நிமிடமாவது காற்றாட வையுங்கள்.

பேக்கரி மாஸ்டர் ஒருவர் தீயைப் பீய்ச்சும் தன் கேஸ் டார்ச்சோடு வந்து, "அடுப்பு சிலிண்டர்லருந்து ஏத்திக் குடுங்கண்ணே, செலவு மிச்சம்" என்றார். மாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டார். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் கலந்த கேஸ். 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 2 பார், புரொப்பேனுக்கோ 8 பாருக்கு மேல். லைட்டர் டேங்க் அதற்காகச் செய்ததல்ல. தீர்ந்ததும் தூக்கிப்போட வேண்டிய பிளாஸ்டிக் லைட்டரில் ஊசி ஏற்றி கேஸ் அடிப்பதையும் நான் செய்வதில்லை.

ஜெட் லைட்டர் பற்றாவிட்டால் பர்னரில் தூசி இருக்கலாம். ஊதிவிட்டுப் பாருங்கள். ஊக்கால் குத்தாதீர்கள்; அந்தத் துளை அகன்றுவிட்டால் என்னிடம் கொண்டுவந்தும் பயனில்லை.