படுகாயப் பிரிவு மருத்துவத் தாதி: ஒரு சொல் விளக்கம்

அக்கா மகள் கோலாலம்பூரில் தாதியாக வேலை செய்கிறாள். அமெரிக்கா போய் 'ட்ராமா, அறுவைப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர்' ஆகப் படிக்க ஆசைப்படுகிறாள். அக்கா என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, மனசு பாதிச்சவங்களைப் பார்க்கிற வேலையா?"

அவர் கேட்டதில் தவறில்லை. ட்ராமா என்றாலே மன அதிர்ச்சி என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கிரேக்கச் சொல்லின் முதல் பொருள் காயம். நம் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் 'கெச்செமாசான் டான் ட்ராவ்மா' (மலாயில் 'அவசரமும் ட்ராமாவும்') என்று பலகை இருக்கிறதே, அதுவும் விபத்தில் அடிபட்டு வருபவர்களுக்கான இடம்தான். பத்திரிகைகள் தினமும் எழுதும் 'படுகாயம்' இதற்கு அப்படியே பொருந்துகிறது.

நர்ஸ் என்பதன் லத்தீன் வேரில் ஊட்டி வளர்ப்பவள் என்ற பொருள் இருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலி. மலேசியாவில் நாம் சொல்லும் தாதியும் வளர்ப்புத் தாயைக் குறித்த சொல்தான். மூன்று சொல்லுக்கும் ஒரே மடி! தமிழ்நாட்டில் செவிலியர் என்கிறார்கள். இங்கே தாதி என்றால்தான் எல்லாருக்கும் புரியும், அதையே வைத்துக்கொள்ளலாம்.

பிராக்டிஷனர்தான் சிக்கல். 'பயிற்சித் தாதி' என்று எழுதினால், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்று ஆகிவிடும். உண்மை நேர்மாறு. பதிவுபெற்ற தாதியாகி, முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்து, சான்றிதழ்த் தேர்விலும் தேறியவர் அவர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இந்தப் படிப்பைத் தொடங்கினார்கள். படுகாயப் பிரிவில் இவர் நோயாளியைச் சோதிப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார், மருந்து எழுதுவார், காயத்துக்குத் தையல் போடுவார், அறுவைக்குப் பிறகு தினமும் வந்து பார்ப்பார். மருத்துவர் மேற்பார்வை எவ்வளவு என்பது அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அக்காவுக்கு, அந்தக் காலத்தில் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசரை நினைவுபடுத்தினேன். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். வெட்டுக்காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டது, மருந்து கொடுத்தது எல்லாம் டிரெசர். (அந்த வழியில் இன்று இருப்பவர்கள் உதவி மருத்துவ அதிகாரிகள், தாதியர் அல்லர்.) "ஓ, அப்படியா" என்றார், பாதி புரிந்த முகத்தோடு.

சரி, தமிழில் என்ன சொல்வது? குறள் 950 மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: உற்றவன் (நோயாளி), தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே நின்று கவனிப்பவர் உழைச்செல்வான், நோயைத் தீர்ப்பவர் தீர்ப்பான். நர்ஸ் பிராக்டிஷனர் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறார். 'மேனிலைத் தாதி' என்றால் வெறும் பதவி உயர்வு மாதிரி தெரிகிறது. அதனால் நான் 'மருத்துவத் தாதி' என்பேன். அக்கா மகள் சேர நினைப்பது படுகாய, அறுவைப் பிரிவு மருத்துவத் தாதி வேலைக்கு.

அக்கா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடமும் அப்படியே சொன்னார்.