வலிக்கு லேசர் வைத்துக்கொள்ளும் முன்

லேசர் என்றதும் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "கிழிப்பீங்களா?" என்பதுதான். கல்லடைப்புக்கும் கண்ணுக்கும் செய்கிற லேசரைக் கேள்விப்பட்ட பயம் அது. பிசியோதெரபியில் வலிக்கு வைக்கும் லேசர் தோலை வெட்டாது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும்தான். 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகள் மீது லேசர் பாய்ச்சினார். மழித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்ததைப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒளியை உறிஞ்சிக் கூடுதல் ஆற்றல் தருகிறது, வீக்கம் தணிகிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

பாம்பன், மண்டபம் கரையில் நான் அதிகம் பார்ப்பது தோள்பட்டையும் முழங்கையும். வலை இழுத்து இழுத்து, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் நைந்துபோயிருக்கும். சரியான அளவில் லேசர் வைத்தால் பலருக்கு வலி குறைகிறது. என் கவலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வலி விட்டதும் மறுநாளே தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். நாண் இன்னும் ஆறியிருக்காது. வலி குறைந்திருக்கும் அந்த நாட்களில்தான் பயிற்சி செய்து தோளை உறுதியாக்க வேண்டும். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, சிகிச்சைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. வருமானம் இல்லாத நேரம் என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பத்துத் தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். சில தடவை வைத்துப் பார்த்து, கை தூக்குவதில் மாற்றம் தெரிந்தால் தொடருங்கள்.

லேசர் வைக்கும்போது உங்களுக்கும் வைப்பவருக்கும் அதற்கான கண்ணாடி கட்டாயம். கேட்டு வாங்கிப் போடுங்கள். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் வைக்கக் கூடாது.

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. பாறை கிழித்த காலில் சர்க்கரையும் சேர்ந்தால் புண் லேசில் ஆறாது. லேசர் வைத்தால் ஆறிவிடும் என்று யார் சொன்னாலும், முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து, காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட திறனுள்ள லேசர் சூடு தரும். மரத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.