பத்து வரை சொல்லும் குழந்தைக்கு மூன்று தெரியுமா?

இரண்டரை வயதுக் குழந்தை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்து வரை மூச்சுவிடாமல் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. பெருமைப்பட வேண்டியதுதான். அப்புறம் துணி கிளிப் போட்டு வைத்திருக்கும் கூடையை அதே குழந்தையிடம் நீட்டி, "மூணு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். "எண்ணிப் பாரு, மூணா இருக்கா?" என்று கேட்டால், ஒவ்வொன்றாகத் தொட்டு ஐந்து வரை எண்ணிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டவும் கூடும்.

குழந்தை கவனிக்காததால் வரும் தவறு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறன். அந்தப் பெயர் எத்தனையைக் குறிக்கிறது என்று அறிவது வேறொரு திறன். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிறது. அந்த வேலையைக் குழந்தை நம் கண்ணெதிரேதான் செய்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் உளவியலாளர் கேரன் வின். 1990-லும் 1992-லும் வெளியான ஆய்வுகளில் அவர் பயன்படுத்திய சோதனை மிக எளிமையானது. பொம்மைக் குவியலை முன்னால் வைத்து ஒன்று கொடு, இரண்டு கொடு, ஐந்து கொடு என்று கேட்பார். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. முதலில் ‘ஒன்று’ மட்டும் புரிகிறது. ஒன்று கேட்டால் ஒன்று வரும். வேறு எதைக் கேட்டாலும் ஒரு கைப்பிடி வரும். சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’. மறுபடி சில மாதங்கள் கழித்து ‘மூன்று’. எந்தக் குழந்தையும் மூன்றைப் படித்துவிட்டு இரண்டுக்குத் திரும்புவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ‘ஒன்று’ மட்டும் தெரிந்த குழந்தையிடம் நான்கு கேட்டால் இரண்டு கொடுக்கலாம், ஆறு கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கொடுப்பது அபூர்வம். நான்கு என்றால் எத்தனை என்று தெரியாவிட்டாலும், அது ஒன்றாக இருக்க முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தப்பான விடைக்குள்ளும் ஒரு யோசனை ஓடுகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளில் வேலை பார்த்தபோது அவரை இழுத்ததும் இப்படிப்பட்ட தவறுகள்தான். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறு செய்தார்கள். அதன் காரணத்தைத் தேடுவதிலேயே அவருடைய வாழ்நாள் போனது.

சரி, மூன்றுக்குப் பிறகு? நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றுக்கும் சில மாதங்கள் ஆகும் என்றுதானே நினைப்போம். அப்படி நடப்பதில்லை. மூன்றிலோ நான்கிலோ வந்து நின்ற குழந்தை, சுமார் மூன்றரை நான்கு வயதில் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. ஐந்து கேட்டால் எண்ணிக் கொடுக்கிறது, எட்டு கேட்டாலும் எண்ணிக் கொடுக்கிறது. எண்ணும்போது கடைசியாக வரும் சொல்தான் மொத்தம் என்பது அதற்குப் பிடிபட்டுவிட்டது.

மூன்று வரை ஏன் அவ்வளவு மெதுவு, பிறகு ஏன் இந்தத் தாவல்? விடையின் ஒரு பகுதி கைக்குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. 2002-இல் வெளியான ஒரு சோதனையில் பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகள் பார்க்கப் பார்க்க இரண்டு டப்பாக்களில் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒன்றும் இரண்டும் என்றால் இரண்டு இருந்த டப்பாவை நோக்கித் தவழ்ந்தார்கள். இரண்டும் மூன்றும் என்றால் மூன்றை நோக்கி. இரண்டும் நான்கும் என்றபோது எதையாவது தேர்ந்தெடுத்தார்கள்! நான்கு என்பது இரண்டின் இரு மடங்கு, ஆனாலும் பயனில்லை. ஒரே நேரத்தில் மூன்று பொருள்கள் வரை தனித்தனியாக மனதில் பிடித்து வைக்கும் திறன் அவர்களுக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் கைவிட்டுப் போகிறது. தோராயமாக ஒப்பிடும் இன்னொரு திறனும் உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு 8 புள்ளிகளுக்கும் 16 புள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியும், 8-க்கும் 12-க்கும் தெரியாது.

இந்த இரண்டில் எதை வைத்துக்கொண்டும் துல்லியமாக ‘ஏழு’ என்று சொல்ல முடியாது. அதைக் குழந்தை புதிதாகக் கட்டியாக வேண்டும். எப்படிக் கட்டுகிறது என்பதற்கு ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் கேரி தரும் விளக்கம் இது: மனப்பாடமாகச் சொல்லும் எண் வரிசை, முதலில் லேபிள் ஒட்டி அடுக்கி வைத்த காலி டப்பாக்கள் மாதிரி. முதல் மூன்று டப்பாக்களைக் குழந்தை தன் அனுபவத்தால் ஒவ்வொன்றாக நிரப்புகிறது. நிரப்பும்போது, அடுத்த சொல்லுக்குப் போனால் பொருளும் ஒன்று கூடுகிறது என்பதைக் கவனிக்கிறது. அந்த ஒரு கண்டுபிடிப்பு மற்ற டப்பாக்களுக்கும் பொருந்துகிறது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, விவாதம் இன்றும் நடக்கிறது. ஆனாலும், வெறும் ஒப்புவித்தல் என்று நாம் ஒதுக்கும் பாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருப்பதாகச் சொல்லும் விளக்கம் என்பதால், நான் இதைப் பெரிதும் மதிக்கிறேன்.

சுற்றி இருக்கும் மொழியும் உதவுகிறது. ஸ்லோவேனிய மொழியிலும் சவுதி அரபு வழக்கிலும் ஒருமை, பன்மை தவிர இரண்டுக்கென்றே தனிச் சொல்வடிவம் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் ‘இரண்டு’ என்பதை ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. பொலிவியாவின் சிமானே பழங்குடிக் குழந்தைகளும் இதே படிகளில்தான் ஏறுகிறார்கள். வயது மட்டும் தள்ளிப் போகிறது.

தாவிய பிறகும் வேலை முடிவதில்லை. ஒரு பெட்டியில் ஐந்து இருக்கிறது என்று சொல்லி, இன்னும் ஒன்றைப் போட்டு, "இப்போது ஆறா, ஏழா?" என்று கேட்டால், அண்மையில் தாவிய குழந்தைகள் பலர் ஊகித்துத்தான் சொல்கிறார்கள். எந்த எண்ணோடும் ஒன்று கூட்டலாம், எண்களுக்கு முடிவே இல்லை என்பது ஐந்தரை, ஆறு வயதில்தான் தெளிவாகிறது.

பெரியவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் ஆய்வுகளில் பதில் உண்டு. சிகாகோவில் சூசன் லெவின் குழுவினர் வீடுகளில் பதிவு செய்த பேச்சை ஆராய்ந்தார்கள். 14 முதல் 30 மாத வயதில் எண் பேச்சை அதிகம் கேட்ட குழந்தைகளுக்கு 46 மாதத்தில் எண்களின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது. கண்ணெதிரே இருக்கும் பொருள்களை எண்ணுவதும், நான்கு முதல் பத்து வரையான எண்ணிக்கைகளைப் பேசுவதும் கூடுதலாகப் பலன் தந்தன. கெல்லி மிக்ஸ் குழுவின் 2012 ஆய்வு இன்னும் நுணுக்கமானது. வெறுமனே எண்ணிக் காட்டியதும் வெறுமனே மொத்தத்தைச் சொன்னதும் உதவவில்லை. மொத்தத்தைச் சொல்லி உடனே எண்ணியும் காட்டியபோதுதான் குழந்தைகள் முன்னேறினார்கள்.

எல்கேஜி சேர்ப்பதற்குள் நூறு வரை ஒப்புவிக்க வேண்டும் என்று பிள்ளையை உட்கார வைத்துப் பழக்கும் பெற்றோரைப் பார்த்தால் மனம் கனக்கிறது. அந்த நேரத்தில் பாதி போதும். சாப்பிட உட்காரும் முன், "நாலு தட்டு இருக்கு, பாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று சேர்ந்து எண்ணலாம். இன்னொரு நாள் ஐந்து தட்டு கொண்டு வரச் சொல்லலாம். ஏழு வந்தால் திட்ட வேண்டாம். பிள்ளையோடு சேர்ந்து மறுபடி எண்ணி, ஐந்தில் நிறுத்தி, மிச்சம் இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு வரச் சொன்னால் போதும்.